கசப்பும் அதன் அளவுகோலும்

நேயர்களே, அறுசுவைகளுள் கசப்பு பழகிப் பெறவேண்டிய சுவை. இனிப்பைக் கைக்குழந்தையும் விரும்பும். வேப்பம்பூ இரசத்தையும் பாகற்காய்க் கறியையும் விரும்புவதற்கோ சில ஆண்டுகள் வேண்டும். வீட்டுப் பெரியோரின் வற்புறுத்தலும் வேண்டும். ஆகவே, இந்தக் கசப்பு நல்லது, அந்தக் கசப்பு ஆகாது என்று ஒருவர் தீர்ப்புக் கூறும்போது, அவருடைய நாக்கு எங்கே, எதனோடு பழகியது என்பதும் அத்தீர்ப்பிற் கலந்தே இருக்கும். இந்த எளிய உண்மையை மனத்திற் கொண்டு, சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று நோக்குவோம்.

19 ஆம் நூற்றாண்டில் இரண்டு கசப்புப் பானங்கள் எதிரெதிர்த் திசைகளிற் கடல் கடந்தன. ஒன்று, இங்கிலாந்திலிருந்து கீழ்நாடுகளுக்கு வந்த கடுங்கசப்பு பியர். மற்றொன்று, இலங்கையிலிருந்து இலண்டனுக்குச் சென்ற தேயிலை. முன்னதைத் தோட்டத் துரைமார் பருகினர். பின்னதைத் தோட்டத் தொழிலாளர் ஆக்கினர். மதுவின் புகழ் பாடுவது இப்பேச்சின் நோக்கமன்று. எனினும், பானம் ஒன்றை நாக்கில் வைத்து மதிப்பிடும் முறை இரண்டுக்கும் பெரிதும் ஒத்திருப்பதாலும், முதலாவதன் கதை இரண்டாவதன் கதையை விளங்கிக்கொள்ள உதவுவதாலும், பியரிலிருந்தே தொடங்குகிறேன்.

பியருக்குக் கசப்பைத் தருவது ஹொப் என்னும் கொடியின் பூ. அப்பூவின் இதழ்களுக்கிடையே மஞ்சள் நிறமான பிசின்தூள் இருக்கும். முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாற்றோடு அதனைக் கொதிக்க வைத்தால், கசப்பும் மணமும் சாற்றில் இறங்கும். பானத்தைப் புளிக்கச் செய்து கெடுக்கும் நுண்ணுயிர்களையும் அப்பிசின் தடுத்து நிறுத்தும். ஆகையால், நெடுங்காலம் இருக்கவேண்டிய பியரில் ஹொப்பை மிகுதியாக இடுவது பழைய வழக்கம். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில், இலண்டனின் கிழக்கே போ என்னுமிடத்தில் மதுசாலை நடத்திய ஹொட்ஜ்சன் என்பவரின் பியர், கிழக்கிந்தியக் கொம்பனிக் கப்பல்களில் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதப் பயணத்தின் பின் இந்தியத் துறைமுகங்களை அடைந்தது. இந்தியாவுக்கென்றே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பியர் இது என்று பலர் எழுதியுள்ளனர். அது சரியன்று. கடுமையும் கசப்பும் மிக்க பியர் இங்கிலாந்தில் முன்னரே இருந்தது. கடற்பயணமும் கீழ்நாட்டுச் சந்தையும் அதற்கு ஒரு தனிப் பெயரையும் பெருமையையும் தந்தன.

இனி ஒரு கதை. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பேர்ட்டன் நகரத்து மதுசாலைகள் இரசியாவுக்கு இனிப்பான, கருநிறமான பியரை அனுப்பி வந்தன. 1822 இல் இரசியா விதித்த சுங்கவரியால் அவ்வாணிகம் நலிந்தது. இந்தியச் சந்தையைப் பிடிக்க விரும்பிய அந்நகரத்து ஓல்சொப் என்னும் வணிகர், ஹொட்ஜ்சனின் பியரில் ஒரு மாதிரியைத் தம் மதுசாலையின் மூத்த தொழில் வல்லுநரான ஜோப் குட்ஹெட்டிடம் கொடுத்தார். அவர் ஒரு வாய் சுவைத்தார். கசப்புத் தாங்காமல் துப்பிவிட்டார். எனினும் அதைப்போல் ஆக்கித் தருவதாக ஒப்புக்கொண்டு, முதற் சோதனையை ஒரு தேநீர்ப் பானையிலேயே காய்ச்சிப் பார்த்தார் என்று பேர்ட்டன் நகரத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த அவ்வூர்க் கிணற்று நீர் ஹொப்பின் கசப்பைத் தெளிவாக எடுத்துக் காட்டியது. பேர்ட்டன் பியர் விரைவில் ஹொட்ஜ்சனின் பியரை வென்றது.

அந்தத் துப்பலை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். குட்ஹெட் தொழில் தெரியாதவர் அல்லர். இனிப்பான இரசியப் பியரை அளவுகோலாகக் கொண்டிருந்த அவர் நாக்குக்கு, வேறொரு நாட்டுக்கான பியர் குற்றமாகப்பட்டது. அளவுகோலை மாற்றிக்கொண்ட பின்னர் அதே மனிதரே அதனைச் சிறப்பாக ஆக்கினார்.

இன்று பியரை மதிப்பிடுவோர் இப்பாடத்தை ஒரு விதியாகவே ஆக்கிக்கொண்டுள்ளனர். அமெரிக்காவிற் சிறு மதுசாலைகள் பெருகத் தொடங்கிய காலத்தில், 1985 ஆம் ஆண்டில், பியர் நடுவர்களைப் பயிற்றிச் சான்றளிக்கும் திட்டம் ஒன்று அங்கே தோன்றியது. அவர்களுடைய மதிப்பெண் தாளில் மொத்தம் 50 புள்ளிகள். மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்திற்கு 5, மொத்தக் கருத்திற்கு 10 என்று அவை பிரிக்கப்பட்டுள்ளன. கடுங்கசப்பு வகையில் ஒரு கிண்ணம் முன்வைக்கப்பட்டால், நடுவர் முதலில் முகர்வார். தோடம்பழத் தோல், பைன் மரப் பிசின் போன்ற ஹொப்பின் மணம் எழுகிறதா என்று பார்ப்பார். பின்னர் நிறத்தையும் நுரையையும் நோக்குவார். சுவைக்கும்போது, கசப்பு உறுதியாக நின்று, தானியத்தின் இனிமை அதற்கு அடியில் தாங்குகிறதா, விழுங்கிய பின் எஞ்சும் கசப்பு தூய்மையாக இருக்கிறதா, அன்றித் தொண்டையைப் பிறாண்டுகிறதா என்று ஆராய்வார். அவருக்குத் தனிப்பட்ட முறையிற் கசப்புப் பிடிக்குமா என்பது அங்கே கேள்வியே அன்று. அந்த வகைக்குரிய இலக்கணத்தின்படி அது சிறந்ததா என்பதே கேள்வி. கசப்பு மிக்க பியரை, இனிப்பான பியர் போல் இல்லையே என்று குறை கூறுபவர் நடுவராகார்.

இந்தப் பியர் இலங்கைக்கும் வந்தது. கோப்பிக் காலத்துத் துரைமாரின் பங்களாக்களுக்குப் புட்டிகளிற் கசப்புப் பியர் வந்து சேர்ந்தது. பின்னர் நுவரெலியாவின் குளிர்ந்த மலைச்சாரலில், 1881 ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்ளும் மதுசாலை எழுந்தது. அக்காலச் சமூகத்தில் ஒரு வேறுபாட்டை நாம் காணலாம். பங்களாவிற் புட்டி திறக்கப்பட்டால் அதற்கு விருந்து என்று பெயர். அங்கே சுவையைப் பற்றிப் பேச்சு நடந்தது. தொழிலாளி தவறணைக்குச் சென்றால் அதற்குக் குடி என்று பெயர். அங்கே சுவை பற்றி எவரும் கேட்கவில்லை. தவறணை பல ஏழைக் குடும்பங்களை வறுமையில் ஆழ்த்தியது உண்மை. எனினும், சுவையை அறியும் நாக்கு ஒரு சாராருக்கே உண்டென்ற எண்ணம் தோட்டங்களில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. அவ்வெண்ணம் தேயிலையின் கதையிலும் தொடர்கிறது.

1869 இல் மதுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்தது. அதன் பின்னர் துரைமார் மற்றொரு கசப்பை நாடினர். அது, காய்ச்சலுக்குரிய கொயினா மருந்தைத் தரும் சிங்கோனா மரப்பட்டை. எல்லோரும் ஒருங்கே பயிரிட்டதனால் 1880களில் அதன் விலை வீழ்ந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலையே முடிவில் நிலைத்தது. அது மலையுச்சிகளோடு நிற்கவில்லை. 1880களிற் களனி நதியின் பள்ளத்தாக்கிலும் தேயிலைத் தோட்டங்கள் பரவின. 1889 இல் கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்டு சப்பிரகமுவ தனி மாகாணமாயிற்று. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லை, எகலியகொடை, பலாங்கொடை, இறக்குவானை என்னும் ஊர்களைச் சூழத் தேயிலையும், பின்னர் இறப்பரும் வளர்ந்தன. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய புகையிரதப் பாதை 1912 இல் இரத்தினபுரியையும் 1919 இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் வழியே வந்த நம் மக்கள் காடு வெட்டினர், நாற்று நட்டனர், லயங்களிற் குடியேறினர்.

சப்பிரகமுவத் தேயிலையின் சுவை எப்படி அமைகிறது? இம்மாகாணத்தின் தோட்டங்களிற் பெரும்பாலானவை 2,000 அடிக்குக் கீழானவை. மழை மிகுதி, வெப்பமும் மிகுதி. ஆகவே கொழுந்து விரைவாக வளர்கிறது. இலை நீண்டு தடிக்கிறது. பறித்த கொழுந்தை ஸ்டோரில் மணிக்கணக்காக வாட்டுவர். பிறகு உருளைப் பொறியிலிட்டு முறுக்குவர். முறுக்கிய இலை காற்றுப் பட்டுச் செம்பு நிறமாக மாறும். தொழிற்சாலையார் இதனைப் புளிக்க வைத்தல் என்பர்; உண்மையில் இது காற்றிலுள்ள பிராணவாயு இலைச்சாற்றோடு கூடும் செயல். இந்நேரத்திலே, இலையிலுள்ள துவர்ப்புச் சத்துக்கள் இருவகைப் பொருள்களாக மாறுகின்றன. ஒருவகை, பொன்னிறத்தையும் சுறுசுறுப்பான சுவையையும் தரும். மற்றது, செந்நிறத்தையும் கனத்தையும் தரும். உரிய நேரத்தில் சூடான காற்றினால் உலர்த்தினால் அம்மாற்றம் நின்றுவிடும். ஒரு சிறிது பிந்தினாலும் தேயிலை உயிரற்றுப் போகும். முந்தினால் பச்சைக் கசப்பு எஞ்சும். தாழ்நிலத் தேயிலை இம்முறையாற் கருமையான நீண்ட இலையும், ஆழ்ந்த சிவப்புச் சாயமும், நாக்கை இறுகப் பிடிக்கும் கடுமையும் பெறுகிறது.

இவ்வாறு உருவான தேயிலைக்கு விலை குறிப்பது ஒரு வாய்ச் சாயம். கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் 1883 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆந் திகதி சொமர்வில் கொம்பனியாரின் அலுவலகத்தில் நடைபெற்றது. ஏலத்துக்கு முன்னர் ஒவ்வொரு தோட்டத்தின் மாதிரியும் சுவைஞரின் மேசைக்கு வரும். மூடியுள்ள சிறு வெண்ணிறப் பாத்திரத்தில் ஏறத்தாழ 2.8 கிராம் தேயிலையை இடுவர். இது பழைய ஆங்கில ஆறு பென்ஸ் நாணயத்தின் நிறை. கொதிநீர் ஊற்றி ஐந்து அல்லது ஆறு நிமிடம் வைத்தபின், சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, வெந்த இலையை மூடியின் மேல் கவிழ்ப்பர். சுவைஞர் உலர்ந்த இலையையும் வெந்த இலையையும் சாயத்தையும் பார்வையிடுவார். பின்னர் ஒரு கரண்டிச் சாயத்தை ஓசையெழ உறிஞ்சுவார். காற்றோடு கலந்து சாயம் நாக்கு முழுவதிலும் பரவும். மணம் மூக்கின் உட்புறத்தை எட்டும். அடுத்த கணமே அதைத் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்திற்கு நகர்வார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களை இவ்வாறு அவர் கடப்பார். பியர் நடுவர் விழுங்கித் தீர்ப்பளிக்கிறார். தேயிலைச் சுவைஞர் துப்பித் தீர்ப்பளிக்கிறார். இருவரும் தேடுவன ஒன்றே: மணம், நிறம், கனம், கடுமை, எஞ்சும் சுவை.

தீர்ப்பு என்ன? நீண்ட காலம் இலண்டன் சந்தையே அளவுகோல். அங்கே விரும்பப்பட்டது மலைநாட்டுத் தேயிலையின் மணம். திம்புள்ளையிலும் ஊவாவிலும் உலர்ந்த குளிர்காற்று வீசும் மாதங்களில் பறிக்கப்படும் கொழுந்திலேயே அம்மணம் எழும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சப்பிரகமுவத் தேயிலை தோற்றே தீரும். நிறமும் கடுமையும் உண்டு, மணமில்லை என்று அதனைக் கூறி, பிற தேயிலையோடு கலப்பதற்குரிய நிரப்புப் பொருளாக அதற்குக் குறைந்த விலை கொடுத்தனர்.

ஆயின், உலகில் தேநீர் பருகுவோர் இலண்டன் மாநகரத்தார் மட்டுமல்லர். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈராக், சிரியா, ஜோர்தான், ஈரான், துருக்கி முதலிய மேற்காசிய நாடுகளும், பின்னர் இரசியாவும் இலங்கைத் தேயிலையைப் பெருமளவில் வாங்கலாயின. மேற்காசிய நாடுகளிற் பாலின்றிச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில், சர்க்கரை கூட்டி, கடுஞ்சாயமாகவே தேநீரைப் பருகுவர். பால் சேராத தேநீரின் நிறம் கண்ணாடியிற் பளிச்சென்று தெரியவேண்டும். சர்க்கரையின் இனிப்பை எதிர்த்து நிற்கும் கடுமையும் வேண்டும். கடையில் கையிலெடுத்துப் பார்க்கும்போது இலை கருமையாகவும் நீண்டு முறுக்கேறியும் இருக்கவேண்டும். இலண்டன் குறையென்று ஒதுக்கிய குணங்கள் யாவும் அங்கே நிறைகளாயின. இந்நிலையில் தாழ்நிலத் தேயிலையின் சராசரி விலை கொழும்பு ஏலத்திற் பல ஆண்டுகள் மலைநாட்டுத் தேயிலையின் விலையைத் தாண்டி நின்றது. இலங்கையின் மொத்த உற்பத்தியிற் பாதிக்கு மேற்பட்டது இன்று தாழ்நிலத் தேயிலை. அதன் பெரும்பகுதியைச் சிற்றுடைமையாளர் தம் சிறு காணிகளில் விளைவிக்கின்றனர். இலங்கைத் தேயிலை வாரியம் வகுத்த ஏழு தேயிலைப் பிரதேசங்களுள் சப்பிரகமுவ ஒன்றாகத் தன் பெயரோடு நிற்கிறது. இலண்டன் தேயிலை ஏலமோ 1998 ஜூன் 29 ஆந் திகதியோடு முடிவுற்றது.

சப்பிரகமுவத்து மண்ணும் மழையும் மாறவில்லை. அங்கே விளைந்த தேயிலையின் இயல்பும் பெரிதாக மாறவில்லை. மாறியது அளவுகோல். குட்ஹெட்டின் நாக்குக்கு நேர்ந்ததே உலகச் சந்தைக்கும் நேர்ந்தது.

ஆயினும், இந்த அளவுகோல் மாற்றம் யாருக்கு எவ்வளவு பயன் தந்தது என்று கேட்காமல் வரலாறு முழுமை பெறாது. சுவைஞரின் ஒரு சொல் ஏலத்தில் விலையாகிறது. அவ்விலை தோட்டத்தில் கூலியாக இறங்குகிறது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ்த் தோட்டங்கள் மேல்நாடு, இடைநாடு, தாழ்நாடு என மூன்றாக வகுக்கப்பட்டன. தேயிலையைப் போலவே கூலியும் உயரத்திற்கேற்ப ஏறி இறங்கியது. வேறுபாடு சில சதங்களே என்றாலும், சில சதங்களே கஞ்சியின் அளவைத் தீர்மானித்த காலம் அது. 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் தேயிலை விலை சரிந்தபோது அந்தக் குறைந்தபட்சக் கூலியும் குறைக்கப்பட்டது. உற்பத்தி நாடுகள் 1933 இல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பாடு செய்துகொண்டன. விலை வீழ்ந்தபோது விரைந்து இறங்கிய கூலி, விலை ஏறியபோது அதே விரைவில் ஏறியதாக வரலாறு கூறவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்களின் கூலியோ 1984 வரை ஆண்களின் கூலிக்குக் குறைவாகவே இருந்தது. தாழ்நிலத் தேயிலைக்குப் பிறநாட்டார் உயர்ந்த விலை கொடுக்கத் தொடங்கிய பின்னரும், அதனைப் பறித்தோரின் கூலிப் போராட்டம் ஓயவில்லை.

சுவையறிவு கொழும்பு மேசையில் மட்டும் இருந்ததென்று எண்ணுதல் தவறு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பார்வையாலும் விரலாலும் ஒருங்கே அறிந்து கொழுந்தைக் கிள்ளும் பெண், முதல் நடுவர். முற்றிய இலை ஒன்று கூடையில் விழுந்தால் அது கிண்ணத்திற் கசப்பாகத் தெரியும் என்பதை அவள் அறிவாள். வாட்டுத் தட்டில் இலையை அள்ளி முகர்ந்து, இன்னும் பதம் வரவில்லை என்று சொல்லும் ஸ்டோர்த் தொழிலாளி இரண்டாம் நடுவர். புளிக்கும் இலையின் பச்சை வாசனை மாறிப் பழ வாசனை எழும் கணத்தை மூக்கால் அறிந்து, உலர்த்தும் அடுப்புக்கு அனுப்பச் சொல்லும் டீமேக்கர் மூன்றாம் நடுவர். இம்மூவரும் சரியாகத் தீர்ப்பளித்தாலன்றி நான்காம் நடுவராகிய சுவைஞருக்குப் பாராட்டுவதற்கு ஒன்றும் இராது. ஆயினும் விலைப்பட்டியலில் நான்காமவரின் சொல்லே பதிவாகிறது.

லயத்திலே தோட்டத் தூளை இட்டுக் காய்ச்சிப் பாலின்றிப் பருகும் சாயத்தண்ணியை எண்ணிப் பாருங்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பருகும் வெறுந்தேநீரையும் எண்ணிப் பாருங்கள். கடுஞ்சாயம், அதனோடு சிறிது இனிப்பு. பாக்தாத் நகரத்துக் கடையில் மதிக்கப்பட்ட சுவையும் இதுவேயன்றோ? உலகச் சந்தை பின்னாளில் அறிந்துகொண்ட அச்சுவையை, அதனை விளைவித்த மண்ணில் வாழ்ந்தோர் முன்பே அறிந்திருந்தனர். அவர்களை எவரும் மேசைக்கு அழைத்துக் கேட்கவில்லை.

நேயர்கள் தம் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மலைநாட்டுத் தேயிலை ஒரு சிட்டிகையும், சப்பிரகமுவத் தேயிலை ஒரு சிட்டிகையும் எடுத்து, சமமான கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பாலின்றிப் பக்கத்திற் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் மணத்தைத் தேடுங்கள்; இரண்டாவதில் நிறத்தையும் கடுமையையும் தேடுங்கள். பின்னர் இடத்தை மாற்றி, முதலாவதிற் கடுமையையும் இரண்டாவதில் மணத்தையும் தேடிப் பாருங்கள். முதல் முறை இரண்டும் வெல்லும். மறுமுறை இரண்டும் தோற்கும். கிண்ணங்கள் அவையே. ஒரு பானத்தையோ, ஒரு பொருளையோ, அதனை ஆக்கிய மக்களையோ தாழ்ந்தது, உயர்ந்தது என்று எவரேனும் சொல்லக் கேட்கும்போது, எந்த அளவுகோலால் அளந்தீர் என்றும், அந்த அளவுகோலைச் செய்தவர் யார் என்றும் கேட்கும் உரிமை நமக்குண்டு. சப்பிரகமுவத் தோட்டங்களின் கடுஞ்சாயம் நமக்குத் தரும் வரலாற்றுப் பாடம் இதுவே.